ஒரு படம் சேமிக்க நாற்பது வினாடி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து வாசிப்புத் திறன் பற்றியும் மதிப்பீட்டுப் பதிவுகள் பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கணக்கு டீச்சரிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருங்கிணைப்பாளர் சாருக்குத் தெரியும். அதனால்தான், "கணக்கு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் டீச்சர். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட கதையைச் சொல்லுங்கள், எல்லாருக்கும் உதவும்" என்றார். சொல்கிறேன். ஆனால் நடுவில் கொஞ்சம் கணக்கு வரத்தான் செய்யும். கோபம் வந்தால் ஹார்டு டிஸ்க்கைக் கோபித்துக்கொள்ளுங்கள், என்னை அல்ல.

முதலிலேயே ஒன்று. நான் கணினி ஆசிரியர் இல்லை. நான் பி.எட். படித்த காலத்தில் கணினி என்பது தனி அறையில் உறை போட்டு மூடி வைத்திருக்கும் பொருள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். இன்று சொல்லப்போவது எல்லாம் அலுவலக அறையில் நின்றுகொண்டு, பாதி தப்பாகச் செய்து, பிறகு தெரிந்துகொண்டது.

போன வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. திரைப்பிடிப்பு என்று தமிழில் அழகாகச் சொல்லலாம், ஆனால் நம் வாயில் ஸ்கிரீன்ஷாட் என்று உட்கார்ந்துவிட்டது. ஒரு விவரத்தைப் பதிவேற்றினால் ஒரு ஸ்கிரீன்ஷாட். பயிற்சியை முடித்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட். "முடிச்சாச்சா டீச்சர்?" என்று கேட்பவருக்குக் காட்ட நம்மிடம் இருக்கும் சான்று அதுதான்.

எங்கள் பள்ளி அலுவலகக் கணினிக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். விண்டோஸ் 10. பள்ளியில் பாதி உயிர் அதற்குள்தான் இருந்தது. அந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில், நாம் என்.எம்.எம்.எஸ். என்று சொல்கிறோமே, அதில் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் எழுதியவர்கள், அப்போது ஒன்பதாம் வகுப்பு. உங்களுக்குத் தெரியும், ஆண்டுக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும். நான்கு ஆண்டும் கிடைத்தால் 48,000. தேர்வில் தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. உதவித்தொகை இணையதளத்தில் குறித்த தேதிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது.

வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் பெற்றோரிடம் வாங்கி, ஸ்கேன் செய்து, அந்தக் கணினியில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பக்கம் நிரப்பியதும் விண்டோஸ் பொத்தானையும் பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானையும் சேர்த்து அழுத்துவேன். திரை ஒரு கணம் மங்கித் திரும்பும். படம் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற ஃபோல்டரில் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். ஒரு வினாடி வேலை.

அந்த ஜூலை மாதம் அது ஒரு வினாடியில் முடியவில்லை. திரை மங்கும், மவுஸ் அம்பு வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். நாற்பது வினாடி.

"நெட் ஸ்லோ" என்றேன். உதவியாளரும் "ஆமாம் டீச்சர், நெட் ஸ்லோ" என்றார். தலைமையாசிரியரும் அதையே சொன்னார். மூன்று வாரம் மூன்று பேரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தோம். திரையில் இருப்பதைப் படமாக்கி உள்ளே வைப்பதற்கு இணையம் எதற்கு? நிரூபணக் கணக்கில் ஒரு படி விட்டால் அரை மதிப்பெண் குறைக்கிற நான், ஒரு படி கூட யோசிக்காமல் மூன்று வாரம் இப்படிச் சொன்னேன்.

பிறகு வைத்தியங்கள் தொடங்கின. ஒருவர் "வைரஸ்" என்றார். இருந்த ஆன்டிவைரசோடு இன்னொன்றையும் போட்டோம். இன்னும் மெதுவானது. ஒருவர் "டெஸ்க்டாப்பில் ஐகான் அதிகம்" என்றார்; எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் தள்ளினோம். பார்க்கச் சுத்தமாக இருந்தது, வேகம் அப்படியேதான் இருந்தது. "ரேம் மாத்துங்க" என்றார் ஒருவர். "ஃபார்மட் அடிச்சிருங்க" என்றார் இன்னொருவர். இந்த "ஃபார்மட் அடிச்சிருங்க" நம் ஊரில் எல்லா நோய்க்கும் சொல்லும் கஷாயம். நல்லவேளை, அதை மட்டும் செய்யவில்லை.

வழி காட்டியது ஒன்பதாம் வகுப்புப் பையன். வருகைப் பதிவேட்டைக் கொடுக்க வந்தவன், நான் திரையை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றான். கடுப்பில் பிரிண்ட் ஸ்கிரீனை மட்டும் அழுத்தி, பெயின்ட்டைத் திறந்து ஒட்டினேன். படம் உடனே வந்து விழுந்தது. அவன் கேட்டான்: "மிஸ், ஒட்டினா டக்குன்னு வருதே. அப்ப படம் புடிக்கிறதுல லேட் இல்லல்ல?"

அந்த ஒரு கேள்விதான். "ஸ்கிரீன்ஷாட் மெதுவாகச் சேமிக்கிறது" என்று நாங்கள் ஒரே வேலை மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். அது நான்கு வேலை. திரையில் இருப்பதை நினைவகத்தில் நகல் எடுப்பது முதல் வேலை. அந்த நகலைச் சுருக்கி ஒரு கோப்பாக்குவது இரண்டாவது. கோப்பை டிஸ்க்கில் எழுதுவது மூன்றாவது. எங்கே வைக்கலாம் என்று நமக்குக் காட்டும் சேமிப்பு ஜன்னல், சேமித்த பிறகு வரும் சிறு படம் இதெல்லாம் நான்காவது. நாற்பது வினாடி இந்த நான்கில் எங்கே போகிறது?

இங்கே கணக்கு வருகிறது. எங்கள் திரையின் அளவு குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். பெருக்கினால் 10,49,088. ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக 31,47,264 பைட், சுமார் 3 எம்.பி. இதைத்தான் பி.என்.ஜி. என்ற வடிவத்தில் சுருக்கி வைக்கிறார்கள். ஒரு வெள்ளைப் பக்கத்தில் நாலு வரி எழுத்து இருந்தால், "இங்கிருந்து இத்தனை புள்ளி வெள்ளை" என்கிற மாதிரி எழுதிவிடலாம் இல்லையா? அந்த மாதிரிச் சுருக்கம். ஒரு புள்ளிகூட இழக்காமல் சில நூறு கே.பி.க்குள் வந்துவிடும். பழைய கணினியானாலும் இந்தச் சுருக்கும் வேலைக்கு ஒரு வினாடி தாண்டாது. நல்ல நிலையில் இருக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாக எழுதினால் வினாடிக்கு 100 எம்.பி.யை ஒட்டி எழுதும். சுருக்காமலே 3 எம்.பி.யை எழுதினாலும் கண் இமைக்கிற நேரம்தான். நாற்பது வினாடி என்பது எந்தக் கணக்கிலும் வராத எண். ஏதோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். (அடுத்த பீரியட் அவனுக்கு என் கணக்குதான், அதனால் யாரும் கேட்கவில்லை.) முதலில் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு எடுத்துப் பார்த்தோம். அதே நாற்பது. நெட்டின் மேல் போட்ட பழி அங்கே முடிந்தது. அடுத்து, பெயின்ட்டில் ஒட்டிய படத்தை ஒரு பென் டிரைவில் சேமித்தோம். இரண்டு வினாடி. அதே படத்தை 'பிக்சர்ஸ்' ஃபோல்டரில் சேமித்தோம். முப்பத்தெட்டு வினாடி. படம் பிடிப்பது ஒன்றுதான், சுருக்குவது ஒன்றுதான், சேமிப்பு ஜன்னலும் ஒன்றுதான். போய்ச் சேரும் இடம் மட்டும்தான் வேறு. மற்றதெல்லாம் மாறாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. எட்டாம் வகுப்பு அறிவியலில் நாமே சொல்லிக்கொடுப்பதுதான்.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினோம். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'டிஸ்க்' என்று இருப்பதைச் சொடுக்கினால் ஒரு வரைபடம் ஓடும். சேமிக்கும்போது 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் எழுதும் வேகம் வினாடிக்குச் சில கே.பி. மட்டும். முழு மூச்சாக வேலை செய்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. அதன் கீழே 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒரு எண் இருக்கும். டிஸ்க்கிடம் ஒன்றைக் கேட்டால் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்பது அது. எங்களுக்கு 4,000 மில்லி வினாடியைத் தாண்டிக் காட்டியது.

பையனிடம் கேட்டேன்: "டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும். வினாடிக்கு எவ்வளவு?" 120 என்றான். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி வினாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல். முனையைத் தாங்கும் கை நகர இன்னும் ஒரு பத்து. ஆக, பதினைந்து இருபது மில்லி வினாடியில் பதில் வந்துவிட வேண்டும். இங்கே 4,000. வகுத்துப் பார்த்தால் 480 சுற்று. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து படிக்க முயல்கிறது, முடியவில்லை, மறுபடி முயல்கிறது. எழுதுவதற்கு முன் அந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது, எங்கே இடம் காலி என்பதை விண்டோஸ் படித்தாக வேண்டும். படிக்க வேண்டிய அந்த இடங்களில் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருந்தது. சதவீதமும் சராசரியும் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அன்றைக்கு அதைக் கொண்டாடும் மனநிலைதான் இல்லை.

உறுதி செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று விண்டோசிலேயே இருக்கும் 'ஈவென்ட் வியூவர்'. அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்ணோடு பதிவுகள் இருந்தால் கவனிக்க வேண்டும். 7 என்றால் கெட்டுப்போன பகுதி ஒன்று தட்டுப்பட்டது. 153 என்றால் ஒரு வேலையை மறுபடி முயல வேண்டியிருந்தது. எங்களுடையதில் வரிசை வரிசையாக இருந்தன, ஒன்றரை மாதத்துக்கு முந்தைய தேதியிலிருந்து. கணினி அவ்வளவு நாளாக எழுதி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது, திறந்து படிக்கத்தான் ஆள் இல்லை. இன்னொன்று, 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை அது படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். எங்களுக்கு மஞ்சள்.

இதுவரைக்கும் நான் புத்திசாலி மாதிரிதான் தெரிவேன். இனிமேல் நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை, மணி நாலரை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மஞ்சளைப் பார்த்த அந்த நிமிடத்தில், பென் டிரைவ் கையில் இருந்தது. அந்த ஐந்து பிள்ளைகளின் ஃபோல்டரை இழுத்துப் போட்டிருந்தால் சில நிமிட வேலை. "திங்கட்கிழமை எல்லாவற்றையும் மொத்தமாக நகல் எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்தேன். அது போதாதென்று, கணினி தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். "செக் டிஸ்க் போட்டு விட்டுட்டுப் போங்க, ராத்திரி பூரா ஓடிச் சரி பண்ணிரும்" என்றார். கெட்ட பகுதிகளைத் தேடிச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, திரையை மட்டும் அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கட்டளை என்ன செய்யும் தெரியுமா? டிஸ்க்கின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரைக்கும் ஒன்று விடாமல் படிக்கும். நல்ல டிஸ்க்குக்கு அது பரிசோதனை. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு, நெஞ்சுவலிக்காரரை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்வது மாதிரி. திங்கட்கிழமை காலையில் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றிருந்தது. டிஸ்க் இருப்பதாகவே கணினிக்குத் தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டால் டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும்.

ஆறு ஏழு ஆண்டு ஆண்டுவிழாப் படங்கள், வினாத்தாள்கள், மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேட்டின் ஸ்கேன், எல்லாம் போயிற்று. பதிவேட்டின் அசல் பீரோவில் இருந்தது, மறுபடி ஸ்கேன் செய்தோம். படங்கள் வரவில்லை. மீட்டுக் கொடுக்கும் கடைகள் நகரத்தில் உண்டு. விசாரித்ததில் அந்தத் தொகை நம் மானியத்துக்குள் அடங்கவில்லை. பிள்ளைகளின் ஆவணங்கள் இருந்த டிஸ்க்கை முன்பின் தெரியாத கடையில் கொடுக்கவும் மனம் வரவில்லை.

ஐந்து விண்ணப்பங்களில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. மூன்று பேருக்கு மறுபடி ஆவணம் வேண்டும். சொல்லி அனுப்பினேன். அதில் ஒரு அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவர். செய்கிற வேலைக்குத்தான் கூலி. வராத நாளுக்கு ஒன்றும் இல்லை. அரை நாளை விட்டுவிட்டு, பாஸ்புக்கை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "போன வாரந்தான டீச்சர் குடுத்தேன்? எதும் தப்பா இருந்துச்சா?" என்று கேட்டார். தன் பாஸ்புக்கில்தான் ஏதோ தப்பு என்று பயந்து வந்திருக்கிறார். "உங்க மேல தப்பு இல்லம்மா, நான் தொலைச்சிட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி டீச்சர், இப்பப் போயிருமா?" என்று மட்டும் கேட்டார். போயிற்று. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த அரை நாள் கூலியை நான் எப்படிக் கொடுப்பது, கொடுத்தால் வாங்குவாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: பென் டிரைவில் சேமித்தால் வேகம், உள் டிஸ்க்கில் சேமித்தால் தாமதம், டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் சரிசெய்யும் வேலையை நிறுத்திவிடுங்கள். செக் டிஸ்க் வேண்டாம், டிஃப்ராக் வேண்டாம், ஃபார்மட் வேண்டவே வேண்டாம். முதலில் நகல். அதிலும் முழு டிஸ்க்கையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள்; எந்த ஃபோல்டர் போனால் ஒரு பிள்ளைக்கு நஷ்டமோ அது முதலில். ஏதாவது ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதைத் தாண்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். படங்கள் எல்லாம் கடைசியில். நகல் கையில் வந்த பிறகு எந்த வைத்தியம் வேண்டுமானாலும் செய்து பாருங்கள். சில சமயம் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அதை இணைக்கும் கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி இழுக்கும். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும். அதைப் பார்ப்பதும் நகல் எடுத்த பிறகுதான். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கணினியையும் ஹைடெக் லேப் கணினியையும் நாமாகத் திறக்கக் கூடாது. புகார் பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் எல்லாத் தாமதமும் இப்படி இல்லை. பயந்துவிடாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "டீச்சர், எங்க கம்ப்யூட்டரும் உங்களது மாதிரியே ஆயிருச்சு. ஸ்கிரீன்ஷாட் சேவ் ஆக அரை நிமிஷம். புதுசு வாங்கத் தீர்மானம் போடப் போறோம்" என்றார். "தீர்மானத்த ஒரு நாள் தள்ளிப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை போனேன். போனதும் முதல் வேலையாக நகல் எடுத்தோம். சூடு கண்ட பூனை. பிறகு பெயின்ட்டில் ஒட்டினேன், உடனே வந்தது. 'சேவ்' கொடுத்தேன். அங்கேதான் வித்தியாசம். சேமிப்பு ஜன்னல் திறக்கவே முப்பது வினாடி ஆனது. திறந்த பிறகு பெயர் கொடுத்துச் சேமித்தால் அந்தக் கணமே முடிந்துவிட்டது. பென் டிரைவில் சேமித்தாலும் அதே முப்பது, அதே கணம். விண்டோஸ் பொத்தானோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால் ஜன்னலே வராது இல்லையா, அதில் தாமதமே இல்லை. அப்படியானால் டிஸ்க்கில் கோளாறு இல்லை. நான்காவது வேலையில், அந்த ஜன்னலில்தான் ஏதோ இருக்கிறது.

'திஸ் பி.சி.'யைத் திறந்து பார்த்தேன். இசட் என்ற பெயரில் ஒரு டிரைவ், மேலே சிவப்புப் பெருக்கல் குறி. முன்பு இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றின் ஃபோல்டரை மற்றதில் டிரைவாகக் காட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கணினி பழுதாகி மூலைக்குப் போய் ஓர் ஆண்டாகிறது. ஆனால் ஒவ்வொரு முறை சேமிப்பு ஜன்னல் திறக்கும்போதும் விண்டோஸ் அதைத் தேடிப் போகிறது. பதில் வரும் என்று காத்திருந்து, கடைசியில் கைவிட்டுவிட்டுத்தான் ஜன்னலைக் காட்டுகிறது. மாற்றலாகிப் போனவர் பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு தினமும் வருகை கூப்பிடுவது மாதிரி. அந்த டிரைவில் வலது பொத்தானைச் சொடுக்கி 'டிஸ்கனெக்ட்' கொடுத்தேன். பத்து வினாடி வேலை. அடுத்த முறை ஜன்னல் பட்டென்று திறந்தது. தலைமையாசிரியர் தீர்மானத்தை மறந்துவிட்டு வாழைக்காய் பஜ்ஜிக்கு ஆள் அனுப்பினார்.

வேறு சில காரணங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பிக்சர்ஸ்' ஃபோல்டர் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் ஒவ்வொரு படமும் இணையத்துக்கும் ஏற ஆரம்பிக்கும். அந்த இடத்தில் மட்டும் நெட்டைக் கொஞ்சம் சந்தேகப்படலாம். ஒன்டிரைவ் அமைப்பில் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரின் இணைப்பை நிறுத்திவிட்டால் போதும். ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் படம் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் சிறு படம் காட்டவே ஜன்னல் திணறும். ஆண்டு வாரியாகப் பிரியுங்கள், அல்லது காட்சியை 'டீட்டெய்ல்ஸ்' என்று மாற்றுங்கள். ஆன்டிவைரஸ் ஒன்று போதும். நாங்கள் செய்தது மாதிரி இரண்டு போட்டால், புதிதாக எழுதும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு காவலாளிகள் நிறுத்தி நிறுத்திச் சோதிப்பார்கள். சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் எல்லாமே இழுக்கும். படத்தை ஜே.பி.ஜி.யாக மாற்றினால் வேகம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் பேசுகிற தாமதத்துக்கு அது மருந்து இல்லை, எழுத்துகளின் ஓரமும் மங்கிவிடும். பதிவேற்ற அளவுக் கட்டுப்பாடு இருக்கும்போது மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்று, தலைப்பைக் கொஞ்சம் தாண்டித்தான் சொல்கிறேன். முழுத் திரையையும் படம் பிடித்துக் குழுவில் போடும்போது அதில் பிள்ளையின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். 'முடிந்தது' என்ற அந்த ஒரு வரி போதும் சான்றுக்கு.

இப்போது எங்கள் அலுவலகக் கணினியில் சுழலும் டிஸ்க் இல்லை. பள்ளி மானியத்தில் ஓர் எஸ்.எஸ்.டி. போட்டோம். பழைய டிஸ்க்கை இருப்புப் பதிவேட்டில் குறித்து பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம், எடைக்குப் போடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டுக் கட்டித் தொங்குகிறது. மாதத்தின் முதல் வேலை நாளில் ஒரு ஸ்கிரீன்ஷாட், ஸ்டாப்வாட்ச், தேதி, எத்தனை வினாடி. வெள்ளிக்கிழமை மதியம் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தவர் கையெழுத்து. எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் போகும். அது டிக் டிக் என்று சத்தம்கூடப் போடாமல் போய்விடும் என்கிறார்கள், அதனால் கையெழுத்து விட்டுப்போனால் தலைமையாசிரியர் கேட்கிறார். அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. மாதம் பிறந்தால் அவனே வந்து "மிஸ், ஸ்டாப்வாட்ச் போடலாமா" என்கிறான்.

நேரம் ஆகிவிட்டது. இந்த மையத்துக் கணினி அதோ இருக்கிறது. சேமிக்க நேரமாகிறது என்று காலையில் ஒருங்கிணைப்பாளர் சாரே சொன்னார். நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. யாரிடமாவது பென் டிரைவ் இருந்தால் கொடுங்கள். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சைத் திறந்து வையுங்கள். சார், முதலில் இதில் போனால் வருத்தப்படுகிற ஃபோல்டர் எதுவென்று காட்டுங்கள், அதை நகல் எடுத்துவிட்டு ஆரம்பிப்போம்.